அரியர் விழுந்துவிட்டதா? ரிசல்ட் நாளிலிருந்து பட்டம் கைக்கு வரும் வரை

ஒரு தாளில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. கல்லூரியில் அப்படி இல்லை. அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே பழைய தாளைத் திரும்ப எழுதலாம், பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.இ. எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. இதை வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கட்டணம் கட்டப் பணம் வேண்டும், அதை மறைத்துக் கேட்க முடியாது. வருடம் உண்மையிலேயே வீணாவது வேறு இரண்டு விஷயங்களால்: வருகைப்பதிவு குறைவது, தேர்வுக் கட்டணத் தேதி தாண்டிப்போவது. அரியர், அதாவது தேறாமல் நிற்கும் தாள், வருடக்கணக்கில் தேங்கிக் கிடப்பவர்களில் பலருக்குச் சிக்கல் பாடத்தில் இல்லை, தேதியில்தான்.

முதலில் உங்கள் தேர்வை நடத்துவது யார் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றிலும் இரண்டு வகை. தன்னாட்சி இல்லாத கல்லூரிக்கு வினாத்தாள், திருத்தம், ரிசல்ட் எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சை மன்னர் சரபோஜி அரசு கல்லூரி, குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வை நடத்துவதும் ரிசல்ட் போடுவதும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சிக் கல்லூரி மாணவர் மறுமதிப்பீட்டுக்காகத் திருச்சிக்கு பஸ் ஏறினால் ஒரு நாள்தான் போகும். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். திருக்குவளையிலும் பட்டுக்கோட்டை ராஜாமடத்திலும் அதன் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் விதிகள் தனி. கீழே வரும் கணக்குகளை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ரிசல்ட்டில் என்ன எழுதியிருக்கிறது

"ஆர்.ஏ." அல்லது "யூ" என்று இருந்தால் எழுதித் தேறவில்லை, மறுபடி எழுத வேண்டும். "ஏ.ஏ.ஏ." அல்லது "ஏ.பி." என்றால் தேர்வுக்கு வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதிய தாளுக்கு இப்படி வந்திருந்தால் அது அரியர் அல்ல, பதிவுத் தவறு. ஹால் டிக்கெட் நகலும் அன்றைய தேதி, வேளை, அறை எண்ணும் சேர்த்துக் கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு உடனே கடிதம் கொடுங்கள். தேர்வறையில் நீங்கள் போட்ட கையெழுத்துப் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் இது சுலபமாக முடியும். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தப் பட்டியலைத் தேடி எடுக்கவே அலைய வேண்டும். இதற்காகவே எல்லா செமஸ்டர் ஹால் டிக்கெட்டையும் பட்டம் வாங்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். "டபிள்யூ.எச்." என்றால் ரிசல்ட் நிறுத்திவைப்பு. கட்டண பாக்கி, கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் போய்ச் சேராதது, காப்பி அடித்ததாகப் புகார் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். "எஸ்.ஏ." வருகைக் குறைவு, அதைப் பிறகு பார்ப்போம்.

ஐம்பது வாங்கியும் ஃபெயில் ஏன்

பாரதிதாசன் பல்கலைக்கழக இளநிலைத் தாளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னல் 75. இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும்: இன்டர்னலில் 10, எக்ஸ்டர்னலில் 30. இன்டர்னலில் 22-ம் எக்ஸ்டர்னலில் 28-ம் எடுத்தால் கூட்டுத்தொகை 50, ஆனாலும் அரியர். இன்டர்னல் 11, எக்ஸ்டர்னல் 30 என்றால் மொத்தம் 41-தான், ஆனாலும் பாஸ். முதுநிலையில் இதற்கு மேல் மொத்தத்தில் 50 வர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

ஒரு தடவை போட்ட இன்டர்னல் பொதுவாக அப்படியே நிற்கும். அரியர் எழுதும்போது மாறுவது எக்ஸ்டர்னல்தான். எனவே இன்டர்னல் பட்டியலில் துறையில் கையெழுத்து வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 10-க்குக் கீழே இருந்தால் மறுதேர்வோ அசைன்மென்ட்டோ கேட்க வேண்டிய நேரம் அதுதான். பட்டியல் மேலே போன பிறகு துறைத் தலைவரே நினைத்தாலும் மாற்றுவது கடினம்.

அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு விதித்தொகுப்பில், தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுகிறீர்கள், அதை 60-க்குச் சுருக்குகிறார்கள். தேர்வில் குறைந்தது 45 சதவீதமும் மொத்தத்தில் 50-ம் வேண்டும். இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் என்றால் தாளில் 45 எடுத்தாலே போதும். 45 என்பது 60-க்கு 27, அதோடு 23 சேர்ந்தால் 50. இன்டர்னல் 18 என்றால் தாளில் 54 வேண்டும். 14 என்றால் 60. இன்டர்னலைக் கோட்டை விட்டவர்கள் அதே தாளில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது இதனால்தான். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: மூன்றாவது முயற்சியிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்துப் பார்த்துத் தேறாவிட்டாலும், தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் பாஸ் என்று அறிவிக்கும் விதி. இன்டர்னல் 20-க்குக் கீழே இருப்பவருக்குத்தான் இதில் லாபம். 20-க்கு மேல் இருப்பவருக்கு இது எதையும் மாற்றாது. உங்கள் ரெகுலேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மறுமதிப்பீடு: எப்போது போடலாம், எப்போது வீண்

ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் நகல் வாங்கினால்தான் அடுத்த படி. மற்ற இடங்களிலும் நகல் தரும் வசதி இருந்தால் அதை வாங்காமல் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் நேராக விடைகளைப் படிக்கத் தொடங்காதீர்கள். முதல் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மதிப்பெண்களை நீங்களே கூட்டிப் பாருங்கள். பிறகு உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட எண் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பேனா படாத பக்கம் ஏதாவது இருக்கிறதா, குறிப்பாகக் கடைசிப் பக்கங்களில், என்று தேடுங்கள். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டதால் திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்றும் பாருங்கள். 11 'அ'-வுக்குப் பதில் 11 'ஆ' என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண்ணையும் இழந்தவர்கள் நிறைய. இவற்றில் ஒன்று அகப்பட்டால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஒன்றும் இல்லை, தேவை மூன்று நான்கு மதிப்பெண் என்றால், அந்தப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் நகலைக் காட்டி "எவ்வளவு போடுவீங்க சார்?" என்று கேளுங்கள். அவர் போடும் எண் பாஸுக்கு மேல் போனால் கட்டலாம். பத்து, பன்னிரண்டு குறைகிறது என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கைடு வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. மறுமதிப்பீட்டு ரிசல்ட் வருவதற்குள் அடுத்த தேர்வுக்கான கட்டணத் தேதி முடிந்துவிடக்கூடும். "ரிவேல்யூவேஷன் போட்டிருக்கேன், வந்துடும்" என்று அரியர் கட்டணம் கட்டாமல் இருந்து, இரண்டும் கைநழுவி அடுத்த ஆறு மாதத்துக்குக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். மறுமதிப்பீட்டில் பாஸ் ஆனால் அந்தப் பணம் போனது போகட்டும்.

"ஆள் இருக்கார், மார்க் ஏத்தித் தருவார்" என்று வருபவரை டீக்கடையோடு அனுப்பிவிடுங்கள். விடைத்தாள் பதிவு எண்ணை மறைத்து வேறொரு டம்மி எண் போட்டுத்தான் திருத்தத்துக்குப் போகிறது. அவர் பத்துப் பேரிடம் வாங்கிக்கொண்டு, தானாகப் பாஸ் ஆன இரண்டு பேரைக் காட்டிப் பிழைக்கிறவர்.

கட்டணம், தேதி, மழை

நவம்பர்-டிசம்பர் தேர்வுக்குப் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் கட்டணம் கேட்பார்கள். ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிப்ரவரி, மார்ச் வாக்கில். டெல்டாக் குடும்பங்களுக்கு இரண்டாவது சிரமமில்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, கையில் காசு புழங்கும் காலம். முதலாவதுதான் இடிக்கும். குறுவை அறுவடையும் சம்பா, தாளடி நடவும் ஒன்றாக ஓடும் மாதங்கள் அவை. வந்த பணம் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் போய்க்கொண்டிருக்கும். கடைமடையில், தண்ணீர் பிந்தி வந்த வருடங்களில் குறுவையே இருக்காது. அதனால் நவம்பர் தேர்வுப் பணத்தை ஜூன், ஜூலையில் ரிசல்ட் வந்த கையோடு தனியே ஒதுக்கிவையுங்கள். தாளுக்கு இவ்வளவு, மதிப்பெண் பட்டியலுக்கு இவ்வளவு, விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியே வரும். போன தடவைக் கட்டணத்தோடு கொஞ்சம் கூட்டிவைத்தால் சரியாக இருக்கும். தேதி தாண்டினால் அபராதத்தோடு கட்டச் சில நாள் தருவார்கள். அதுவும் தாண்டினால் கெஞ்சிப் பயனில்லை. கணினியில் அந்தப் பக்கமே திறக்காது.

கட்டும்போது பாடக் குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே பெயரில் பழைய பாடத்திட்டத் தாளும் புதிய பாடத்திட்டத் தாளும் இருக்கும், குறியீடு மட்டும் வேறாக இருக்கும். தவறான குறியீட்டுக்குக் கட்டினால் ஹால் டிக்கெட்டில் அதுதான் வரும், தேர்வறையில் அந்த வினாத்தாள்தான் கிடைக்கும். ரசீதை உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மூலத்தில் இருக்கும் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.

இன்னொன்றும் கேட்டுவையுங்கள். சில தன்னாட்சிக் கல்லூரிகள் எல்லா செமஸ்டர் அரியரையும் இரண்டு பருவத்திலும் நடத்துகின்றன. சில கல்லூரிகள் ஒற்றைப்படை செமஸ்டர் தாள்களை நவம்பரில் மட்டும் நடத்துகின்றன. இரண்டாவது வகையில் மூன்றாம் செமஸ்டர் அரியர் ஒரு வருடம் காத்திருக்கும். கடைசி வருடத்தில் ஒரே ஒரு தாள் நின்றவர்களுக்கு ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் உடனடித் தேர்வு நடத்தும் கல்லூரிகளும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க மிகக் குறைந்த நாட்களே தருவார்கள். ரிசல்ட் பார்த்த அன்றே தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள்.

நவம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழைக்குள் வரும் தேர்வு. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தார் என்று டிவியில் ஓடியதைப் பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பள்ளிக்கு மட்டும் விடுமுறையா, கல்லூரிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். கல்லூரிக்கும் சேர்த்து என்றாலும், தேர்வைத் தள்ளிவைப்பதாகப் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ தனியே அறிவிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அப்படி அறிவித்துத்தான் தேர்வுகள் தள்ளிப்போயின. மழை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். நாகையில் கொட்டும்போது திருச்சியில் வெயில் அடிக்கும். வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் காலைத் தேர்வுக்கு முதல் நாளே வந்து விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிவிடுவது நல்லது.

அரியர் இருப்பவருக்கு ஒரே நாளில் காலை ஒரு தாள், மதியம் ஒரு தாள் என்று அமைவது சகஜம். இரண்டும் ஒரே வேளையில் மோதினால் மட்டும் கால அட்டவணை வந்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

எத்தனை யூனிட் படிக்க வேண்டும்

"முக்கியக் கேள்வி" பட்டியலைத் தேடுவதற்கு முன் வினாத்தாள் அமைப்பைக் கையில் எடுங்கள். பாரதிதாசன் முறையில் 75-க்கான தாள் பொதுவாக இப்படி இருக்கும்: பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், யூனிட்டுக்கு ஒன்றாக 'அல்லது' வைத்த ஐந்து ஐந்து மதிப்பெண் கேள்விகள், ஐந்தில் மூன்று எழுத வேண்டிய பத்து மதிப்பெண் கேள்விகள். மூன்று யூனிட்டை முழுதாகப் படித்தால் 12, 15, 30 என்று 57-க்கான கேள்விகள் உங்கள் வசம். எழுதியதில் அறுபது சதவீதம் கிடைத்தாலும் 34 வரும், தேவை 30. ஆக மூன்று யூனிட் உருப்படியாக, மற்ற இரண்டிலும் இரண்டு மதிப்பெண் வரையறைகள் மட்டும். ஐந்தையும் அரைகுறையாகப் புரட்டியவரைவிட இவருக்கே வாய்ப்பு அதிகம்.

பொறியியலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து பதின்மூன்று மதிப்பெண், ஒரு பதினைந்து மதிப்பெண். மூன்று யூனிட் படித்தால் 12-ம் 39-ம் சேர்ந்து 51-க்கான கேள்விகள்தான்; அதில் அறுபது, எழுபது சதவீதம் வந்தாலும் 35 வாக்கில் நிற்கும், 45-ஐத் தொடாது. நான்கு யூனிட் வேண்டும், பதினைந்து மதிப்பெண் கேள்வியையும் தொட வேண்டும். எம்-3 எனப்படும் மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் வருடக்கணக்கில் தேங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று யூனிட் கணக்கில் போனவர்கள். கணிதத் தாளில் இன்னொன்று: விடை வராவிட்டாலும் சூத்திரம், முதல் இரண்டு படிகள் என்று எழுதியதற்குப் படி மதிப்பெண் உண்டு. வெற்றுப் பக்கத்துக்கு எதுவும் கிடையாது.

கடைசி ஐந்து பருவ வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு யூனிட்டிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்து, அவற்றைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். படித்தேன், மறந்துபோச்சு என்பவர்களில் பலர் எழுதியே பார்க்காதவர்கள்.

யாரும் கவனிக்காத தாள்கள்

பட்டம் நின்றுபோவது எப்போதும் முக்கியப் பாடத்தால் அல்ல. விழுமியக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி, பாலினக் கல்வி, மென்திறன், விருப்பப் பாடம், விரிவாக்கப் பணி இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட் (பாடப் புள்ளி) நிறைவடையாது. "நான் முதல்வன்" படிப்பு இருந்தால் அந்த மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்தாம் செமஸ்டர் முடிந்ததும் முதல் செமஸ்டரிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்ட அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிட்டால் கடைசி நேர அதிர்ச்சி இருக்காது.

வருகைப்பதிவு

பாரதிதாசன் விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 70 முதல் 74 வரை இருந்தால் கண்டோனேஷன், அதாவது குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பமும் கட்டணமும். 60 முதல் 69 வரை அதோடு மருத்துவச் சான்றும். 60-க்குக் கீழே தேர்வு எழுத முடியாது. படிப்புக் காலம் முடிந்த பிறகு அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அரியரில் ஒரு தாள் போகும், இதில் ஒரு செமஸ்டரே போகும். அறுவடைக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிறவர்கள் மாதா மாதம் சதவீதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றை உடம்பு சரியில்லாத வாரத்திலேயே வாங்கித் துறையில் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் பின்தேதியிட்டுக் கொண்டுவரும் சான்றை யாரும் நம்புவதில்லை.

பொறியியலில் தேர்வு நேரத்தில் டெங்கு, மஞ்சள் காமாலை என்று படுத்துவிட்டால் 'வித்டிராயல்', அதாவது தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி, கேட்கலாம். படிப்புக் காலத்தில் ஒரு முறைதான் கிடைக்கும். உரிய நாட்களுக்குள் முதல்வர் பரிந்துரையோடு போக வேண்டும். கிடைத்தால் அது ஒரு முயற்சியாகக் கணக்காகாது. முதல் வகுப்புச் சிறப்புநிலைக்கான தகுதியும் போகாது. சும்மா வராமல் இருந்தால் இரண்டும் போகும்.

படிப்பு முடிந்தும் அரியர் நின்றால்

அப்போதும் கட்டணம் கல்லூரி வழியாகத்தான். விடுதியும் பஸ் பாஸும் இருக்காது. அறிவிப்பு தேடி வராது. துறையில் படிக்கும் ஜூனியர் ஒருவரின் எண்ணையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு என்ன தடை என்று எல்லோரும் கேட்பார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் சில நிறுவனங்கள் நிற்கும் அரியர் கூடாது என்கும், சில இதுவரை அரியரே இருந்திருக்கக் கூடாது என்கும். விண்ணப்பத்தில் எது கேட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி, அரியர் தடையில்லை. குரூப் 2-க்குப் பட்டம் முடித்திருக்க வேண்டும். பி.எட். போக நினைப்பவர்கள் வேறொரு கணக்கையும் பாருங்கள்: தமிழகத்தில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தவருக்கு 40 சதவீதம் என்று வரம்பு உண்டு. எல்லா அரியரையும் சரியாக 40-ல் முடித்தவர் பட்டம் வாங்கிய பிறகும் இங்கே நின்றுவிடலாம். கல்விக் கடன் இருந்தால் படிப்பு நீள்வதை வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் பழைய தேதியை வைத்தே தவணை தொடங்கிவிடும்.

பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய தாள் சில பருவங்கள்தான் நடக்கும். பிறகு ஈடான தாள் எது என்று பாடக்குழு முடிவு செய்து சொல்லும், அதைத்தான் எழுத வேண்டும். ஒட்டுமொத்தக் கால வரம்பும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக பி.இ.-க்கு ஏழு வருடம். வரம்பு தாண்டியவர்களுக்கு எப்போதாவது கூடுதல் கட்டணத்தோடு சிறப்பு வாய்ப்பு வரும். 2021-ல் இருபது வருடம் முந்தைய மாணவர்களுக்குக்கூடக் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் கொரோனாவை ஒட்டி, கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் பாஸ் என்று அரசு அறிவித்து, பிறகு வழக்காகி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று முடிந்தது. அதுபோல் இன்னொன்று வரும் என்று எண்ணி யாரும் உட்கார வேண்டாம்.

கடைசி அரியர் பாஸ் ஆனதும் அந்தத் தாளின் மதிப்பெண் பட்டியலை வாங்குங்கள். பிறகு ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் தானாக வரும், சில இடங்களில் கேட்டால்தான் வரும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரும் இன்ஷியலும் இவற்றில் அதே எழுத்தில் இருக்கின்றனவா என்று வாங்கும் மேசையிலேயே பார்த்துவிடுங்கள். பட்டச் சான்றிதழுக்குப் பட்டமளிப்பு விழா அறிவிப்பு வரும்போது தனியே பணம் கட்ட வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் வராமலே பெறும் வகையில் கட்டினால், சான்றிதழ் கல்லூரிக்கோ நீங்கள் கொடுத்த முகவரிக்கோ வந்துசேரும்.